ஒன்பது மணித் தண்ணீர்

கரட்டுப்பட்டியில் தெருக்குழாய் வந்தது எழுபத்து நான்காம் வருஷம். போடியிலிருந்து மலை உச்சியில் இருக்கிற மெட்டுக்கு ஏறும் மலைச்சாலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர் அது. குழாய் வந்த அன்று பொன்னுமணி ஊரில் இல்லை. மலைமேல் ஏலத்தோட்டத்தில், ஈரமண்ணில் குத்தவைத்து, செடியின் தூரில் கிடந்த காயைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கி, தெருமுனையில் புதுக்குழாய் நிற்பதைப் பார்த்து, ஓடிப்போய்க் குடத்தைக் கொண்டுவந்து வைத்துத் திருகினாள். புஸ்ஸென்று காற்று வந்தது.

"காலையில ஒன்பது மணிக்கு வந்துச்சுடி, பத்து மணிக்கு நின்னுபோச்சு" என்றாள் பக்கத்து வீட்டுக் கிழவி.

அன்றைக்குப் பிடித்த எரிச்சல் பன்னிரண்டு வருஷம் விடவில்லை.

கரட்டுப்பட்டியின் கீழத்தெருப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் மலை வேலைக்குப் போகிறவர்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறினால், இருட்டுகிற நேரத்துக்குத்தான் இறங்குவார்கள். மெட்டில் ஜீப்பை விட்டு இறங்கி, அரை மணி நேரம் நடந்தால் தோட்டம். அது கேரளத்து மண். தண்ணீர் வருகிற நேரத்தில் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் ஒரு குடம், இரண்டு குடம் பிடித்து வைப்பார்கள். பூட்டிய வீட்டுக்கு ஒன்றும் கிடையாது. பொன்னுமணியின் வீடு பூட்டிய வீடு. புருஷன் சுருளிவேல் அதே ஜீப்பின் டிரைவர். ஒரே மகளைத் தேவாரத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. நாளெல்லாம் குனிந்து காய் எடுத்த இடுப்போடு, இருட்டில் அரை மைல் தள்ளி ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போய்க் குடம் சுமந்து வருவாள். போகும்போது குழாயைத் தாண்டித்தான் போக வேண்டும். சில நாள் அதை நின்று திட்டிவிட்டுப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மோட்டாருக்கும் லீவு.

மனு எழுதினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும்தான் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பிடித்து, தானே வரி வரியாகச் சொல்லி எழுதவைத்தாள். 'எங்கள் தெருவுக்குக் காலை ஐந்து மணிக்கோ மாலை ஆறு மணிக்கோ தண்ணீர் விடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.' அடியில் முப்பது பேரின் கைநாட்டு. ஊராட்சிக்குத் தேர்தல் நடந்தது எழுபதாம் வருஷம். அந்த ஆட்களின் காலம் முடிந்தபின் தலைவரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர் என்று ஒருவர் இருந்தார். மனு கொடுக்க அவள் ஒரு நாள் வேலையை விட்டுப் போனாள். அலுவலர் வேறு ஊருக்குப் போயிருந்தார். இன்னொரு நாள் விட்டுப் போனாள். வாங்கிக்கொண்டார். ஆறு மாசம் கழித்துப் பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது. அடுத்த மனுவுக்குள் அந்த அலுவலர் மாற்றலாகிவிட்டார். புதியவர், "எந்த மனு?" என்று கேட்டார்.

இப்படி ஏழு மனு, நாலு அலுவலர். கடைசியாக வந்தவர் கொஞ்சம் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். "நேரத்த மாத்துறது என் கையில இல்லம்மா. அதுக்கெல்லாம் ஊராட்சித் தீர்மானம் வேணும். ஊராட்சியே இல்லாம நான் எங்க போய்த் தீர்மானம் வாங்குறது? எலெக்சன் வரட்டும்" என்றார்.

"எப்பங்கய்யா வரும்?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏம்மா இங்க உக்காந்திருக்கேன்?"

அந்த எலெக்சன் எண்பத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் வந்தது. பதினாறு வருஷம் கழித்து.

கீழத்தெரு வார்டுக்கு நிற்கப்போவதாகப் பிச்சைமணி முதலிலேயே சொல்லிவிட்டான். ஊரில் ஓடுகிற ஐந்து ஜீப்பில் நாலு அவனுடையது. தோட்டங்களுக்கு ஆள் அனுப்புகிறவனும் அவன்தான். அவனை எதிர்த்து நிற்க யாருக்கும் தோன்றவில்லை. போட்டியில்லாமல் வந்துவிடுவான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பொன்னுமணியும் அவனிடம்தான் போனாள்.

"அண்ணே, நீங்க வந்தா அந்தத் தண்ணி நேரத்தக் கொஞ்சம் மாத்தி வைக்கணும்."

பிச்சைமணி சிரித்தான். "தண்ணியா? ரோட்டப் பாரு, லைட்டப் பாரு, எத்தனை சோலி கெடக்கு! நீ என்னத்தா பன்னெண்டு வருசமா கொழாயக் கட்டிக்கிட்டு அழுகுற?"

அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அவள் நின்றிருக்க மாட்டாள் என்று பின்னால் அவளே சொல்லியிருக்கிறாள். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. வேட்புமனுத் தாளை வாங்கிவந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றை வைத்து நிரப்பி, கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். சுருளிவேலுக்கு விஷயம் டீக்கடையில்தான் தெரிந்தது. சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கத்தினான்.

"ஏம்புள்ள, நான் யாரு வண்டி ஓட்டுறேன்? நாளைக்கு அந்த மனுசன் மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"முழிக்காம ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

"உனக்கு என்னமோ ஆயிப்போச்சு."

"ஆமா. பன்னெண்டு வருசமா ஆயிப்போச்சு. நீங்க ஒரு நாள் ஒரு கொடம் தூக்கியிருந்தா உங்களுக்கும் ஆயிருக்கும்."

அவன் தட்டை இழுத்துவைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். பிச்சைமணி சுருளிவேலை வண்டியை விட்டு இறக்கவில்லை. ஒரு பொம்பளை நிற்பதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் வார்டில் இருந்த முன்னூற்றுச் சொச்சம் ஓட்டில் மலைக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காலையில் ஜீப் நிற்கும் இடத்தில் வந்து நின்றான்.

"இந்த வாரம் ஞாயித்துக்கெழமை வேலை. திங்கக்கெழமை லீவு. கடைசி எடுப்பு, காய் வீணாப் போகுதுன்னு தோட்டத்துல சொல்லிட்டாங்க. வராதவங்க அடுத்த பட்டத்துக்கு வேற வண்டி பாத்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமைதான் ஓட்டு. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை. ஜீப் இறங்குவது ஆறு மணிக்கு.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிச்சைமணி போனபிறகு மொக்கம்மாள் வாயைத் திறந்தாள். பொன்னுமணியை விடப் பத்து வயது மூத்தவள், வாய் நீளம். "நல்லாருக்குடி கதை. தண்ணி வந்தா நாம மலையில. ரேசன் போட்டா நாம மலையில. டாக்டரு வந்தா நாம மலையில. இப்ப ஓட்டும் நாம மலையில இருக்கும்போதா?"

பொன்னுமணி ஜீப்பில் ஏறினாள். அன்று மத்தியானம் கஞ்சி குடிக்கிற நேரத்தில், காய் உலர்த்தும் கொட்டகைக்குப் போய்த் தோட்டத்து சூப்பர்வைசர் சத்தியநேசனைப் பார்த்தாள். நாகர்கோவில் பக்கத்து ஆள்; இருபது வருஷம் மலையில் இருந்து பாதி மலையாளம் ஆகிவிட்டவர்.

"ஏன் சார், ஞாயித்துக்கெழமை வேலை வச்சீங்க?"

"ஞானோ?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நிங்களுக்குத் திங்கள் ஏதோ கோயில் கொடை, லீவு வேணும், அதுக்குப் பகரம் ஞாயிறு வர்றோம்னு பிச்சைமணியல்லவா பறஞ்சது? எனக்கு எந்தா? ஞாயிறு நான் சர்ச்சுக்குப் போற ஆளு."

பொன்னுமணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கோயிலும் இல்லை, கொடையும் இல்லை என்று விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இனி மாத்த முடியாது. காய் உலர்த்த விறகெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு, முதலாளிக்கும் சொல்லியாச்சு. ஒண்ணு செய்யாம். ஞாயிறு உச்சைக்கு எல்லாரையும் விட்டுடுறேன். கூலி முழுசாப் போட்டுக்கறேன். ஆனா வண்டி என் கையில இல்ல கேட்டோ."

வண்டி பிச்சைமணி கையில். உச்சி வேளைக்கு வண்டி வருமா என்று கேட்டபோது அவன் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினான். டீசல் தட்டுப்பாடு, ஒரு நடைதான் ஓட்ட முடியும், ஐந்து மணிக்குத்தான் மெட்டிலிருந்து கிளம்பும் என்றான்.

அப்படியானால் நடப்பது என்று முடிவாயிற்று. மெட்டிலிருந்து அடிவாரத்துக்குப் பழைய ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. ரோடு வருவதற்கு முன்னால் பொதிக்குதிரைகள் போன வழி. இறங்க நாலு மணி நேரம் ஆகும். "நான் இங்க ஊருல பூத்து வாசல்ல நிக்க மாட்டேன். உங்களோட மலைக்கு வர்றேன், உங்களோட எறங்குறேன்" என்றாள் பொன்னுமணி. தான் இல்லாவிட்டால் பாதிப் பேர் ஜீப்புக்காக உட்கார்ந்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சத்தியநேசன் சொன்ன சொல் மாறவில்லை. பன்னிரண்டு மணிக்கு விசில் ஊதினார். நாற்பத்தாறு பெண்கள் மெட்டுக்கு வந்தபோது நாலு ஜீப்பும் வரிசையாக நின்றன. சுருளிவேல் தன் வண்டியின் மட்கார்டில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"வண்டிய எடுங்க" என்றாள் பொன்னுமணி.

"மொதலாளி அஞ்சு மணிக்குத்தான் எடுக்கச் சொல்லியிருக்காரு."

"சாவி யாரு கையில இருக்கு?"

"சாவி என் கையிலதான் இருக்கு. வண்டி அவருது." அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். "சொல்லாம எடுத்தா நாளைக்கு ஊருல ஒருத்தன் என்னை நம்பி வண்டி குடுக்க மாட்டான். நீ நாலு மனு எழுதிட்டுப் போயிருவ. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு சோலிதான்."

"ஏழு மனு" என்றாள் பொன்னுமணி. மேற்கொண்டு பேசினால் அழுகை வந்துவிடும் என்று தோன்றியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாதையில் இறங்கினாள்.

மாசி மாதத்து மலை காய்ந்து கிடந்தது. புல் வழுக்கியது. காலடியில் கல் உருண்டது. முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்களைத் திட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் பிச்சைமணியைத் திட்டினார்கள். ஒரு மணி நேரம் இறங்கியபின் மொக்கம்மாள் ஒரு பாறையில் கால் மடங்கி விழுந்தாள். எழுந்து நிற்க முடியவில்லை. கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

"என்னை விட்டுட்டுப் போங்கடி. ஒரு ஓட்டுதான போச்சு."

"ஒரு ஓட்டுல தோத்தா உன்னைத்தான் மதினி தேடி வருவேன்" என்று சொல்லி, பொன்னுமணி அவள் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மறுபக்கம் கூட வந்த கருத்தம்மா பிடித்துக்கொண்டாள். மூன்று பேருக்கு அகலமில்லாத பாதையில் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து இறங்கினார்கள். அந்த நடையில் போனால் இருட்டித்தான் ஊர் போய்ச் சேர முடியும். மற்றவர்களை முன்னால் விரட்டினாள். "நீங்க வெரசாப் போங்க. அஞ்சு மணிக்குள்ள வரிசையில நின்னுட்டாப் போதும், ஓட்டுப் போட்டுரலாம். எவன் என்ன சொன்னாலும் வரிசைய விட்டு வராதீங்க."

பாதை ஓரிடத்தில் மலைச்சாலையை வெட்டிக்கொண்டு போகும். ஒரு கொண்டை ஊசி வளைவு. மூவரும் அங்கே தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தபோது, வளைவில் ஒரு ஜீப் நின்றது. எஞ்சின் சத்தம் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சுருளிவேல் உட்கார்ந்திருந்தான்.

"ஏறுங்க" என்றான்.

"மொதலாளி சொல்லாம வண்டி எடுக்க மாட்டீங்களே?"

"எடுக்கல. எஞ்சினே போடல. மெட்டுல பிரேக்க விட்டேன், அதுவா உருண்டு வருது." சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, அப்படித்தான் அவன் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தான். "கால் சரியில்லாதவங்களயும் அவங்களப் பிடிச்சுக்கிட்டு வர்றவங்களயும் மட்டும் ஏத்துறேன். மத்தவங்க நடந்துதான் வரணும்."

அந்த மலைச்சாலையில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டுவது எப்படிப்பட்ட பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் கருகி நாறியது. மொக்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஊரில் உள்ள எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். பொன்னுமணி முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புருஷனை ஒரு வார்த்தை சொல்லாமல், மனசுக்குள் நூறு வார்த்தை சொல்லிக்கொண்டே வந்தாள். அடிவாரத்தில் தரை சமமானதும் ஜீப் மெல்ல மெல்ல நின்றது. அதற்கு மேல் உருளாது. மிச்ச தூரத்துக்கு மூன்று பெண்களும் நடந்தார்கள். சுருளிவேல் வண்டியிலேயே இருந்துவிட்டான்.

பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தபோது மணி நாலே முக்கால். குறுக்குப் பாதையில் வந்த பெண்கள் முன்னமே சேர்ந்து, புழுதி படிந்த காலும் ஏலக்காய் வாசனையுமாக வரிசையில் நின்றார்கள். தேர்தல் அலுவலராக வந்திருந்த வாத்தியார், மூட்டை கட்டுகிற நேரத்தில் இத்தனை பேரா என்று தலையைச் சொறிந்தார். ஐந்து மணிக்கு வெளிக்கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, கடைசியில் நின்றவளில் ஆரம்பித்து எல்லோருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மொக்கம்மாள் நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். ஒரு நிமிஷத்தில் அவள் கத்தல் கேட்டது.

"என் ஓட்ட எவ போட்டா? காலையில பத்து மணிக்கா? பத்து மணிக்கு நான் மலையில கெடந்தேன்யா! என் கால் வீக்கத்தப் பாரு, இது காலையில வந்து ஓட்டுப் போட்ட காலா?"

வாத்தியார் மன்னிப்புக் கேட்டார். இந்த மாதிரி வந்தால் வேறொரு சீட்டுத் தருவோம், அதில் குத்திக் கொடுங்கள், தனி உறையில் வைத்துவிடுவோம் என்றார்.

"அத எண்ணுவீங்களா?"

"எண்ண மாட்டோம்மா. பத்திரமா வச்சிருப்போம்."

மொக்கம்மாள் அந்தச் சீட்டை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அந்தத் தேர்தலில் அழுதவள் அவள் ஒருத்திதான்.

பொன்னுமணி பதிமூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். பிச்சைமணி சுருளிவேலிடம் ஒன்றும் கேட்கவில்லை. கருகிப்போன பிரேக்கைப் பார்த்தான், சாவியை வாங்கிக்கொண்டான். இரண்டு மாசம் சுருளிவேல் வீட்டில் இருந்தான். பிறகு குரங்கணிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு லோடு ஏற்றுகிற ஒரு வண்டி கிடைத்தது. அந்த இரண்டு மாசத்தில் பகலில் வீட்டில் இருந்ததால் அவனே ஒன்பது மணிக்குத் தண்ணீர் பிடித்து வைத்தான். "இவ்வளவு லேசான சோலிக்கா இத்தனை கூத்து?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டு, அவள் பார்த்த பார்வையில் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஊராட்சியின் முதல் கூட்டத்தில், தலைவராக வந்திருந்த ராஜாராம் பெரியவரிடம் பொன்னுமணி எழுந்து நின்று கேட்டாள். கீழத்தெருத் தண்ணீர் நேரத்தை மாற்றத் தீர்மானம் போட வேண்டும். அவர் நிதானமான ஆள். "போட்டுருவோம்த்தா. பழைய உத்தரவு என்ன, எந்தத் தேதின்னு பாத்து அதை ரத்துப் பண்ணி எழுதணும்ல?" என்று கிளார்க்கைத் தேடச் சொன்னார். கிளார்க் இரண்டு வாரம் தேடினார். பீரோ, பரண், மூட்டை எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். பொன்னுமணியின் ஏழு மனுவும் எழுதின வரிசையிலேயே கட்டி வைத்தபடி கிடைத்தன. உத்தரவு கிடைக்கவில்லை.

"மோட்டார் போடுற தவசியைக் கேட்டுப் பாருங்க" என்றார் கிளார்க் கடைசியில்.

மோட்டார் ரூம் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் இருந்தது. தவசி பக்கத்து ஊர்க்காரன். அவன் வந்து போகிற நேரமெல்லாம் அவள் மலையில். பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவனை நேரில் பார்த்ததே இல்லை. ஒரு நாள் வேலையை விட்டு, ஒன்பது மணிக்குப் போய் நின்றாள். சைக்கிளில் வந்து இறங்கினான். தலை நரைத்த, சாதுவான மனுஷன்.

"ஒன்பது மணிக்குத்தான் போடணும்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னது?"

"யாரும் சொல்லலையே ஆத்தா." தவசிக்குக் கேள்வியே புரியவில்லை. "மாட்டப் பால் கறந்து ஊத்திட்டு, சாப்பிட்டுட்டுக் கெளம்புனா இங்க வர ஒன்பது ஆகுது. வந்தா போடுவேன். டேங்கு காலியாக ஒரு மணி நேரம். அவ்வளவுதான்."

"சாயங்காலம் ஆறு மணிக்குப் போடச் சொன்னா?"

"போடலாமே. சாயங்காலம் எனக்குச் சோலியே இல்ல. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பேனே."

பொன்னுமணி மோட்டார் ரூம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தவசி பயந்துபோய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஏழு மனு, நாலு அலுவலர், மொக்கம்மாள் கால், கருகிப்போன பிரேக், புருஷன் வேலை எல்லாம் அவள் கண்முன் வந்து போயின. யார்மேல் கோபப்படுவது என்று தேடினாள். எதிரே நின்றது இந்த நரைத்த தலை மட்டும்தான். அதன்மேல் கோபப்பட மனசு வரவில்லை. வீட்டுக்குப் போய் அன்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கீழத்தெருக் குழாயில் சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்கள் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். மொக்கம்மாளுக்கு முதல் குடம் விட்டுக்கொடுத்தார்கள். மூன்று நாள் ஊரே பொன்னுமணியைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. நாலாம் நாள், பகலில் வீட்டில் இருக்கிற பெண்கள் பன்னிரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் சுந்தரம்மாள்.

"ஏ மெம்பரு, காலைத் தண்ணிய நிறுத்திட்டு நாங்க எதுல சமைக்கிறது? ஓட்டு வாங்குறப்ப நாங்களும்தான போட்டோம்?"

அவர்கள் சொன்னதும் சரிதான். இரண்டு வேளையும் விட்டால் எல்லோருக்கும் ஆகும். ஆனால் தவசி இரண்டு வேளை வர மாட்டான். காலையில் மாடு இருக்கிறது, ஒரே நாளில் இரண்டு தடவை ஐந்து மைல் சைக்கிள் மிதிக்க அவனால் ஆகாது. இன்னொரு ஆள் போட மேலிடத்து அனுமதி வேண்டும், அதற்கு எழுதியிருக்கிறது, பரிசீலனையில் இருக்கிறது என்றார் கிளார்க். அந்தச் சொல்லைக் கேட்டதும் பொன்னுமணி எழுந்துவிட்டாள். நேரே தவசியிடம் போய் மோட்டார் ரூமின் இன்னொரு சாவியை வாங்கிக்கொண்டாள். எந்தச் சுவிட்சை முதலில் போட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று அவன் காட்டிக்கொடுத்தான். காலை ஒன்பது மணி அவனுடையது, சாயங்காலம் ஆறு மணி அவளுடையது என்று பேச்சு.

அப்புறம் அவள் பார்த்த மெம்பர் உத்தியோகம் பெரும்பாலும் அதுதான். மலையிலிருந்து இறங்கியதும் முகம்கூடக் கழுவாமல் ஓடைக்கரைக்கு நடப்பாள், மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து கடைசி ஆளாக வரிசையில் நிற்பாள். கரண்டு இல்லாத நாளில் தெருவே அவளைத் திட்டும். கரண்டுக்கு நான் என்னடி பண்ணுவேன் என்று அவளும் பதிலுக்குத் திட்டுவாள். எண்பத்தெட்டில் ஒரு முறை மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோய்ப் பதினோரு நாள் அது ஓடவில்லை. அந்தப் பதினோரு நாளும் யாராவது ஒன்றிரண்டு பேர் அவள் வாசலில் காலிக் குடத்தை வைத்துவிட்டுப் போனார்கள். பொன்னுமணி ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் குடங்களை இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக எடுத்துப்போய், உரியவர்கள் வீட்டு வாசலில் வைத்து, "இன்னும் வரல!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு வந்தாள்.